முகத்துவாரச் சேற்றில் முதலில் இறங்கிய அண்ணிக்கு

எந்த வாசலிலும் என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்த என் மலர் அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. காரியத்தன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "பொறுமைசாலிங்க." "வாய் அதிராத பொம்பளை." "இருக்குற எடம் தெரியாது." நான் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் கோபம் கோபமாக வந்தது. இருக்கிற இடம் தெரியாதாம்! கொள்ளிடத்து முகத்துவாரத்தில் அன்றைக்கு நீங்கள் போட்ட கூச்சல் அக்கரைக் குப்பம் வரைக்கும் கேட்டதே, அதை இவர்களுக்கு யார் சொல்வது?

அதைப் பார்த்தவர்கள் நாம் ஐந்து பேர். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது நீங்களும் இல்லை. உங்கள் மகள் தேன்மொழிக்கு அப்போது நாலு வயது; சிவப்பு நண்டு ஓடியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிறாள். மிச்சம் அண்ணனும் நானும்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் அரியலூரில் வாத்தியார். நம் இரண்டு குடும்பத்திலும் அதற்கு முன்னால் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் கிடையாது. அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்து அண்ணனைப் படிக்க வைத்தவள். மழைக்காலம் முழுக்கக் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணோடு கிடந்தவள். அதனால் கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து நீங்கள் மருமகளாக வந்த அன்றே ஒரு சட்டம் போட்டுவிட்டாள்.

"வாத்தியார் பொண்டாட்டி கால்ல சேறு படக் கூடாது. ஏரி, கொளம்னு எதுலயும் எறங்க வேணாம். நான் பட்டது என்னோட போவட்டும்."

"சரிங்கத்தை" என்றீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் ஊர் ஏரி வற்றும்போது வெறுங்கையால் துழாவி விரால் பிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று உங்கள் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஐந்து வருஷம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே ஒரு தடவை, சந்தையில் கூடைக்குள் துள்ளிக்கொண்டிருந்த ஒரு விராலின் முதுகை இரண்டு விரலால் தடவினீர்கள். நான் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டீர்கள். அப்போது உங்களிடம் ஏதாவது கேட்டிருக்கலாம். ஏன் கேட்காமல் விட்டேன்?

அந்தக் கோடை லீவில் அண்ணனுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. குடும்பத்தோடு மூன்று நாள் கடலோரம் போய்த் தங்குவது, படகில் காட்டுக்குள் போவது, மீன் பிடித்து அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது. நம் தெருவில் அப்படி யாரும் போனதில்லை.

"எந்தக் கோயிலுக்குடா?" என்றாள் அம்மா.

"கோயில் இல்லம்மா. சும்மா."

"சும்மாவா? சும்மா யாராச்சும் பஸ் ஏறுவாங்களா? சிறுவாச்சூரு போனாலும் காளியக் கும்புட்டோம்னு இருக்கும்."

அண்ணன் விடவில்லை. திருச்சிக்குப் போய்ச் சக்கரம் வைத்த தூண்டில் ஒன்று வாங்கி வந்தார். லைப்ரரியிலிருந்து மீன்பிடிப்பது பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். லைப்ரரி புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்று மாணவர்களை அடிக்கிற மனுஷன்! நீங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து புளிச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

அரியலூரில் ஏறி, ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம். அங்கே பஸ் மாறி, ரோடு முடிகிற இடம் வரைக்கும் போனோம். தூண்டில் கம்பு ஒரு தடவை கண்டக்டரின் பையில் மாட்டியது, ஒரு தடவை ஒரு அம்மாளின் கொண்டையில். அண்ணனோடு வேலை பார்த்த ஒருவரின் சொந்தக்காரர், காத்தமுத்து என்ற மீனவர், நமக்காக மணல்மேட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையை ஒழித்து வைத்திருந்தார்.

அம்மா அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தோம்.

"இம்மாம் தண்ணி இருக்கு. ஒரு நாத்து நட முடியாதே!"

நீங்கள் அப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் காத்தமுத்து தன் சின்னப் படகில் நம்மைச் சுரபுன்னைக் காட்டுக்குள் கூட்டிப் போனார். இரண்டு பக்கமும் மரங்கள், வேரைக் காலாக ஊன்றித் தண்ணீரில் நின்றன. மேலே கிளைகள் சேர்ந்து பந்தல் போட்டிருந்தன. வெள்ளைக் கொக்குகள் நமக்குப் பயப்படவேயில்லை. தேன்மொழி ஒவ்வொரு நண்டுக்கும் பெயர் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் புத்தகத்தில் சொன்னபடியே தூண்டிலை வீசினார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதில் மாட்டியது ஒரு வேரும், காத்தமுத்துவின் தலைத்துண்டும்தான். நீங்கள் படகு ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தீர்கள். விரல்கள் மட்டும் உள்ளே அசைந்துகொண்டே இருந்தன.

மறுநாள் குப்பத்தில் பெரிய வலை இழுக்கிற நாள். காத்தமுத்து வர முடியவில்லை. "நானே ஓட்டிக்கிறேன்" என்றார் அண்ணன்.

காத்தமுத்து தயங்கினார். "சார், இது மண்ணு இருக்குற எடம் இல்ல, முழுக்கச் சேறு. வத்தம் ஆரம்பிச்சா தண்ணி மடமடன்னு கடலுக்கு எறங்கிடும். அப்புறம் ஏத்தம் வந்தாத்தான் படகு நகரும். வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள திரும்பிடுங்க."

"தெரியும்ப்பா. படிச்சிருக்கேன்."

கிளை ஓடை ஒன்றில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அண்ணன் அங்கே கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். நேரம் போனதே தெரியவில்லை. நீங்கள்தான் முதலில் கவனித்தீர்கள். "ஏங்க, வேரெல்லாம் வெளிய தெரியுது. தண்ணி எறங்குதுங்க."

"அஞ்சே நிமிஷம் மலரு. இப்பத்தான் ஒன்னு கடிக்குது."

அது கடித்ததோ இல்லையோ, படகு தரையில் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் பேண்ட்டை மடித்துவிட்டுக் குதித்துப் பின்பக்கமாக நின்று தள்ளினார். படகு வழுக்கிக்கொண்டு இரண்டு ஆள் தூரம் போய் நின்றது. அண்ணன் நகரவில்லை.

முதலில் முழங்கால். சிரித்தார். ஒரு காலைப் பிடுங்கினால் இன்னொரு கால் இறங்கியது. தொடை வரைக்கும் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. எம்பி எம்பிப் பார்த்தார். இடுப்பு வரைக்கும் போய்விட்டார். கழற்றிய மூக்குக்கண்ணாடியை ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம், அதுவாவது தப்பட்டும் என்கிற மாதிரி.

சுற்றிலும் ஆள் இல்லை. ஓடை காலியாகிச் சேறு வெயிலில் மின்னியது. நான் பக்கத்திலிருந்த வேர்களைப் பார்த்தேன். ஏத்தத் தண்ணீர் வழக்கமாக நிற்கிற உயரத்தில் ஆளிச் சிப்பிகள் கோடு மாதிரி ஒட்டியிருந்தன. அந்தக் கோடு அண்ணனின் மூக்குக்கு நேராக இருந்தது.

நீங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"அத்தை, நான் எறங்குறேன்."

கேள்வியாகக் கேட்கவில்லை நீங்கள். அம்மா உங்களை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள்.

"நீ ஒருத்தி எறங்குனா பத்தாது. பலகைய எடு."

படகின் அடிப்பலகைகளைப் பெயர்த்துச் சேற்றின்மேல் வீசினீர்கள் இருவரும். நானும் எழுந்தேன். "வசந்தா, நீ எறங்காத. புள்ளையப் புடி, கயித்தப் புடி. நீயும் மாட்டிக்கிட்டா யாரு தூக்குறது?" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, நீங்கள் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிறவள். எனக்கு அந்தச் சேற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நீங்கள் நடக்கவில்லை. பலகைமேல் குப்புறப் படுத்து, உடம்பைப் பரப்பிக்கொண்டு, பல்லி மாதிரி ஊர்ந்து போனீர்கள். பின்னாலேயே அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் ஆனவள்; என்னால் அந்த வேகத்தில் போயிருக்க முடியாது.

"ஒதறாதீங்க! ஒதற ஒதற உள்ளதான் போவும். அப்புடியே பின்னால சாஞ்சு படுங்க. பாயில படுக்குற மாதிரி."

"எப்புடி மலரு, சேத்துல..."

"படுங்கன்னா படுங்க!"

அண்ணன் படுத்தார். வகுப்பில் அவர் சொன்னால் நாற்பது பேர் உட்காருவார்கள். அன்றைக்கு நீங்கள் சொன்னதும் அவர் படுத்ததை நான் படகிலிருந்து பார்த்தேன்.

படகில் தண்ணீர் இறைக்கிற டப்பாவை வீசச் சொன்னீர்கள். ஓடையின் நடுவில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு அண்ணனின் தொடையோரம் ஊற்றினீர்கள். அம்மா கையை உள்ளே விட்டுக் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டினாள்.

"இன்னும் ஊத்து மலரு. தண்ணி உள்ள போனாத்தான் புடி விடும்."

"எங்கூரு ஏரியில எருமைய இப்புடித்தான் எடுப்போம் அத்தை. நான் ரெண்டு எடுத்திருக்கேன்."

"நான் நாலு எடுத்திருக்கேன்டி."

"எருமை எருமைங்காதீங்க..." என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "பேசாம கெடடா" என்றாள் அம்மா.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் உச்சியைத் தாண்டிச் சாய ஆரம்பித்துவிட்டது. தேன்மொழி தண்ணீர் கேட்டு அழுது என் மடியிலேயே தூங்கிப் போனாள். ஒரு கால் வந்துவிட்டது. இன்னொன்று அசையவேயில்லை. அப்போது ஓடையின் கீழ்க்கோடியில் நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு ஊர்ந்து வருவதைப் பார்த்தேன். ஏத்தம். நான் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் கை நடுங்கிவிடுமோ என்று. நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களா? பயந்தீர்களா, அண்ணி? இத்தனை வருஷத்தில் அதைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அண்ணனின் அக்குள் வழியாகக் கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் வீசினீர்கள். நான் அதைப் படகின் குறுக்குக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். அம்மா முழங்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

அப்போது கத்தினீர்களே! "இழுடி வசந்தா! இழு! விடாத! இழு!"

அப்படி ஒரு குரல் உங்களுக்கு இருப்பது யாருக்குமே தெரியாது. கொக்குகள் மொத்தமும் எழுந்து பறந்தன. என் உள்ளங்கை உரிந்தது. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு வாயைத் திறந்து அண்ணனை விட்டது. செருப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

அண்ணன் பலகைமேல் வழுக்கிப் படகுக்கு வந்து, உள்ளே விழுந்து, மல்லாந்து படுத்துக் குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவளும் அழுதாள்.

நீங்கள் மட்டும் படகுக்குத் திரும்பவில்லை. பத்தடி தள்ளி ஓடை நடுவில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் ஒரு இடத்தில் சுழித்தது, அடங்கியது, திரும்பச் சுழித்தது. வத்தத்தில் வெளியே போக முடியாமல் உள்ளே ஏதோ பெரிதாக மாட்டியிருந்தது. நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். தலை முதல் கால் வரைக்கும் சேறு. கண் மட்டும்தான் வெள்ளை.

"என்னடி என்னைப் பாக்குற?" என்றாள் அம்மா. "புடி!"

ஐந்து வருஷத்துச் சட்டம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

குட்டைக்குள் இறங்கி மண்டி போட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். கைகள் இரண்டும் உள்ளே மெதுவாக வட்டம் போட்டன. திடீரென்று நீங்கள் முன்னால் சாய்ந்தீர்கள், குட்டை வெடித்தது. வால் ஒரு தடவை உங்கள் கன்னத்தில் அறைந்தது. நீங்கள் விடவில்லை, தலையைச் சேற்றோடு சேர்த்து அழுத்தினீர்கள். செவுள் உள்ளங்கையைக் கிழித்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பவும் பிடித்தீர்கள். எழுந்து நின்றபோது உங்கள் இரண்டு கைக்கும் நடுவில் வெள்ளி மாதிரி ஒரு கொடுவா! தேன்மொழியின் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும்.

அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நீங்கள் போட்டது வார்த்தையே இல்லை. வெறும் கூச்சல். அம்மாவும் பதிலுக்குக் கூச்சல் போட்டாள். நானும் போட்டேன். தேன்மொழி விழித்துக்கொண்டு, காரணம் தெரியாமலே கத்தினாள்.

ஏத்தம் வந்து படகைத் தூக்கியது. நீங்கள் கழியை எடுத்தீர்கள். யாரும் கொடுக்கவில்லை, நீங்களே எடுத்தீர்கள். படகுக்குள் ஒரு பக்கம் கொடுவா, மறுபக்கம் அண்ணன். பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிட்டோம். காத்தமுத்துவும் குப்பத்துக்காரர்கள் சிலரும் தேடிக்கொண்டு எதிரே வந்தார்கள். மீனைப் பார்த்துவிட்டுக் காத்தமுத்து, "அட! சார் புடிச்சதா?" என்றார்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் சேறு காய்ந்திருந்தது.

"இல்லப்பா. என் சம்சாரம். இதையும் புடிச்சா, என்னையும் புடிச்சா."

அந்தப் பதிலுக்காகவே எனக்கு அண்ணனை இன்றைக்கும் பிடிக்கும்.

அன்று சாயங்காலம் குப்பத்து அடிபம்பில் அம்மா உங்களை உட்கார வைத்து முதுகு தேய்த்துவிட்டாள். நான் பம்பு அடித்தேன். அவள் உங்கள் குதிகாலைக் கையில் எடுத்து விரல் இடுக்கில் இருந்த சேற்றைக் கழுவினாள். "விடுங்கத்தை, நானே கழுவிக்கிறேன்" என்று நீங்கள் காலை இழுத்தீர்கள். அவள் விடவில்லை.

"சேறுன்னாலே அடுத்தவன் வயலுதான்னு நெனச்சுட்டேன் மலரு. நம்ம ஆளுக்காக நம்மளே எறங்குனா அது வேற."

கொட்டகைக்கு வெளியே மணலில் அடுப்பு கூட்டிக் குழம்பு வைத்தோம். குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் தேங்காயோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். மீன்தலை வீட்டில் எப்போதும் அண்ணன் தட்டுக்குத்தான் போகும். அம்மா அதை அள்ளி உங்கள் தட்டில் வைத்தாள். நீங்கள் கட்டுப் போட்ட கையால் அதை எடுத்துச் சாப்பிட்ட அழகு இருக்கிறதே!

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்கிற அன்று நீங்கள் இறங்கினீர்கள். கரையில் கூடையோடு அம்மா உட்கார்ந்து, "அங்க போவுது பாரு! அங்கடி!" என்று எல்லோர் காதும் கிழியக் கத்துவாள். அரியலூரிலிருந்து வாத்தியார் பொண்டாட்டி வந்துவிட்டாள், இனி நமக்கு மிச்சம் இருக்காது என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இருக்கிற இடம் தெரியாத பொம்பளையாம்!

இங்கே செய்தி சொல்ல வேண்டாமா? தேன்மொழி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு அவளே தலைமையாசிரியை ஆகிவிட்டாள். பதவி ஏற்ற அன்று உங்கள் பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். அவள் மகள் நீச்சல் போட்டியில் மெடல் வாங்கி வந்திருக்கிறாள்; யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். அண்ணன் முதல் ஆறு மாதம் வெளியே வரவேயில்லை. காபி ஆறிப் போகும், பேப்பர் பிரிக்காமல் கிடக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் அவராகவே போன் செய்தார். "வசந்தா, மே மாசத்துக்கு வேன் சொல்லிட்டேன். மொத்தம் பதினோரு பேரு. கொள்ளிடம் கடல்ல சேர்ற எடத்துக்கு. அந்த ஓடைய எனக்கு ஒரு தடவை பாக்கணும். புள்ளைங்களுக்கும் அந்த எடத்தக் காட்டணும்." குரல் பழைய வாத்தியார் குரலாக இருந்தது. நான் போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், அண்ணி. பிறகு அழுதேன். பிறகு திரும்பவும் சிரித்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி இருக்கிறது, டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்கிறார். இருக்கட்டும். படகு அந்தச் சேற்றோரம் போய் நின்றதும் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இறங்குவேன். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு எங்கே கால் வைக்க வேண்டும் என்று காட்டுவேன்.

ஊர் நாத்தனார் என்று சொன்னாலும் நீங்கள் கடைசிவரை தங்கச்சியாகவே நினைத்த,
உங்கள் வசந்தா